ரெஸ்டோர் செய்து பழகிய கை நடுங்காது

கடைசியாக எப்போது ஒரு பேக்கப்பை ரெஸ்டோர் செய்து பார்த்தீர்கள்? பேக்கப் எடுத்த தேதியைக் கேட்கவில்லை. பேக்கப்பைத்தான் ஒவ்வோர் இரவும் ஜாப் தானாகவே எடுத்து வைத்துவிடுகிறதே. காலையில் வரும் மெயிலில் பச்சை டிக்கும் இருக்கிறது. அந்தக் கோப்பை வேறொரு சர்வரில் ஏற்றி, டேபிளைத் திறந்து, நேற்றைய பதிவுகள் இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பார்த்தீர்களே, அந்தத் தேதியைக் கேட்கிறேன்.

சட்டென்று பதில் வரவில்லையா? அப்படியானால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். உங்களோடுதான் பேச வந்திருக்கிறேன்.

டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வேலைக்கு வரும் இளைஞர்களிடம் ஒரு பயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இண்டெக்ஸ் போடச் சொன்னால் ஓடி வருவார்கள். மெதுவாக ஓடும் குவெரியைக் கொடுத்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சரிசெய்வார்கள். ரெஸ்டோர் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் வெளுத்துவிடும். "சீனியர் வரட்டும் சார்." சீனியர் லீவில் இருக்கும் நாளில்தான் டேட்டாபேஸ் விழும். நள்ளிரவில் பிரிட்ஜ் கால் திறக்கும். அப்ளிகேஷன் டீம், நெட்வொர்க் டீம், வாடிக்கையாளர் தரப்பு மேலாளர், அவருக்கும் மேலே இருப்பவர் எல்லோரும் உள்ளே இருப்பார்கள். எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்விதான் வரும்: "டிபிஏ லைன்ல இருக்காங்களா? எவ்வளவு நேரம் ஆகும்?"

கை நடுங்கும். நடுங்கட்டும், அதற்கு வெட்கப்பட வேண்டாம். ஆனால் அந்த நடுக்கத்தோடு காலம் முழுவதும் குடித்தனம் நடத்தாதீர்கள். தைரியம் பிறவியிலேயே வருவது என்று யாரோ உங்களை நம்பவைத்திருக்கிறார்கள். இந்த வேலையில் அது முழுப் பொய். ஒரு கட்டளையைத் தட்டினால் சர்வருக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தவருக்கு நடுக்கம் வராது. தெரியாதவருக்கு வராமல் இருக்காது. தெரிந்துகொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. வேறு யார் கையிலும் இல்லை.

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடித்த சங்கதி, நாம் பட்டனை அழுத்துகிறவர்கள்தானே" என்று மனத்தின் மூலையில் ஒரு குரல் முனகினால், அதற்கும் பதில் இருக்கிறது. சி. மோகன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு 1977இல் அமெரிக்கா போனவர். ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவரும் சக ஆய்வாளர்கள் 4 பேரும் சேர்ந்து 1992இல் ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். ஏரீஸ் என்பது அதில் அவர்கள் விளக்கிய முறையின் பெயர். மின்சாரம் போய், சர்வர் பாதியில் செத்து, திரும்ப எழுந்திருக்கும்போது டேட்டாவை எப்படி ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் மீட்பது என்பதற்கான வழிமுறை அது. இன்று ஐபிஎம்மின் டிபி2வும் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரும் விழுந்து எழுவது அந்த வழியில்தான். நீங்கள் பயப்படுகிற அந்த ரெகவரி என்ற பூதத்துக்கு இலக்கணம் எழுதியவர்களில் முதல் பெயர் நம் ஊர்க்காரருடையது. இதைத் தெரிந்துகொண்டுமா கூனிக் குறுகி உட்காருவீர்கள்?

அந்த இலக்கணத்தை இப்போதே படித்துவிடலாம். பயந்த அளவுக்குக் கடினம் இல்லை.

டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் முதலில் லாகில் எழுதும், பிறகுதான் டேட்டா கோப்பில் எழுதும். சர்வர் விழுந்து எழுந்ததும் மூன்று வேலைகள் நடக்கும். முதலில் லாகைப் படித்து, எது முடிந்தது, எது பாதியில் நின்றது என்று கணக்கெடுக்கும். அடுத்து, நடந்தது எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே மறுபடி நடத்தும். இது ரீடூ. கடைசியாக, முடிவடையாத டிரான்ஸாக்‌ஷன்களை ரத்து செய்யும். இது அன்டூ.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு எஸ்கியூஎல் சர்வரின் ரெஸ்டோரைப் பாருங்கள். லாக் பேக்கப் 15 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு பணப் பரிமாற்றம் 10.14க்குத் தொடங்கி 10.16க்கு முடிகிறது. 10.15 லாக் கோப்பில் அதன் முன்பாதி மட்டுமே இருக்கும். பின்பாதி 10.30 கோப்பில் இருக்கும். இப்போது 10.15 கோப்பை ஏற்றும்போது நீங்கள் ரெகவரி என்று எழுதினால், "இதற்கு மேல் எதுவும் வராது, முடித்துக்கொள்" என்று சர்வருக்குச் சொல்லிவிட்டீர்கள். அது அன்டூவை ஓட்டி, பாதியில் நின்ற பரிமாற்றத்தை ரத்து செய்து, டேட்டாபேஸைத் திறந்துவிடும். அதன் பிறகு 10.30 கோப்பை நீட்டினால் சர்வர் மறுக்கும். மறுக்காமல் என்ன செய்யும்? ஆரம்பமே அழிக்கப்பட்ட ஒரு பரிமாற்றத்துக்கு முடிவை எங்கே ஒட்டவைக்கும்?

நோரெகவரி என்று எழுதினால் ரீடூ மட்டும் நடக்கும், அன்டூ காத்திருக்கும். "இன்னும் கோப்பு பாக்கி இருக்கிறது, கதவைத் திறக்காதே" என்று பொருள். ரெஸ்டோரில் நடக்கும் தவறுகளில் பெரும்பாதி இந்த ஒரு இடத்தில் பிறக்கிறது. காரணம், நீங்கள் இரண்டையுமே எழுதாமல் விட்டால் எஸ்கியூஎல் சர்வர் ரெகவரி என்றே எடுத்துக்கொள்ளும். மறதிக்கு அங்கே மன்னிப்பு கிடையாது. பெரிய டேட்டாபேஸ் என்றால் ஃபுல் பேக்கப்பை ஏற்றவே மணிக்கணக்கில் ஆகும். அதை ஏற்றிய பிறகு இந்த ஒரு சொல் விட்டுப்போனால் மறுபடி முதல் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே ஒரு பழக்கத்தை இன்றே உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஃபுல், டிஃபரென்ஷியல், ஒவ்வொரு லாக், கடைசி லாக் உட்பட எல்லாவற்றுக்கும் நோரெகவரி. எல்லாம் ஏறிய பிறகு, எதுவும் விட்டுப்போகவில்லை என்று ஒரு முறை சரிபார்த்துவிட்டு, ரெகவரி என்ற கட்டளையை மட்டும் தனியாகக் கொடுங்கள். கடைசிக் கோப்பு இதுதான் என்று நினைத்து ரெகவரி போட்ட பிறகு, "அண்ணா, இன்னொரு ஃபைல் இருக்கு" என்று பக்கத்தில் இருந்து குரல் வரும் நிலைமை இதனால் உங்களுக்கு வராது.

இடையில் டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் "ரெஸ்டோரிங்" என்று நிற்கும். அதைப் பார்த்துத் தொங்கிவிட்டதாக நினைத்துப் பலர் பதறுகிறார்கள். அந்தப் பதற்றத்தில்தான் இணையத்தில் கண்ட கட்டளையை ஒட்டி, நடுவழியில் ரெகவரி கொடுத்து, இரண்டு மணி நேர உழைப்பைத் தூக்கிப் போடுகிறார்கள். அது தொங்கவில்லை. அடுத்த கோப்புக்காகக் காத்திருக்கிறது. பிரிட்ஜில் யார் கத்தினாலும் குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள்: "எதிர்பார்த்த நிலையில்தான் இருக்கு. அடுத்த லாக் போட்டுட்டு இருக்கேன்." அந்த ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்ல முடிந்தால் அங்கே இருக்கும் அத்தனை பேரின் பதற்றமும் பாதியாகக் குறையும்.

இப்போது இன்னும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டேட்டாபேஸ் விழுந்துவிட்டது. முதலில் என்ன செய்வீர்கள்? "ரெஸ்டோர்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நிறுத்துங்கள். முதலில் செய்ய வேண்டியது இன்னொரு பேக்கப்.

கடைசி லாக் பேக்கப் 2.30க்கு எடுத்தது, டேட்டா டிஸ்க் 2.41க்குச் செத்தது என்றால், நடுவில் உள்ள 11 நிமிட வேலை எங்கே இருக்கிறது? எந்த பேக்கப் கோப்பிலும் இல்லை. இன்னும் உயிரோடு இருக்கும் லாக் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு டெயில் லாக் என்று பெயர். டேட்டா கோப்பு போய்விட்டாலும், லாக் இருக்கும் டிஸ்க் பிழைத்திருந்தால், நோ ட்ரங்கேட் என்ற சொல்லைச் சேர்த்து அந்த டெயிலை எடுத்துவிடலாம். பெரும்பாலான சமயங்களில் ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்காமல் நேராக ரெஸ்டோரில் குதித்தால், 11 நிமிடத்தில் யாரோ கட்டிய கட்டணம், யாரோ பதிந்த ஆர்டர், யாரோ வாங்கிய அனுமதி எல்லாம் உங்கள் கையாலேயே அழிந்துபோகும்.

சர்வர் இதை உங்களுக்கு எச்சரிக்கவும் செய்கிறது. டெயில் எடுக்காமல் மேலேயே ரெஸ்டோர் செய்யப் போனால் 3159 என்ற எண்ணோடு தடுத்து நிறுத்தி, டெயிலை எடுக்கவில்லையே என்று கேட்கிறது. அந்த எண்ணைத் தேடினால் இணையம் தரும் சுலபமான பதில், ரீப்ளேஸ் போடு என்பது. ரீப்ளேஸ் என்பது பாதுகாப்புச் சோதனைகளை ஒதுக்கித் தள்ளும் சொல். வேறொரு டேட்டாபேஸின் பேக்கப்பை இதன் தலையில் எழுதச் சொன்னாலும் அது மறுபேச்சில்லாமல் எழுதிவிடும். ரீப்ளேஸைத் தட்டும் முன்பு விரலை எடுத்து மேசைமேல் வையுங்கள். எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ், டெயில் எங்கே, மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் இன்னொருவர் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. சத்தமாகச் சொல்லிப் பார்ப்பது கோழைத்தனம் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். விமானி புறப்படும் முன் பட்டியலை வாசித்துத்தான் கிளம்புகிறார்.

டிஸ்க் சாவது அபூர்வம். நம் கைதான் அடிக்கடி சொதப்பும். ஒரு நாளை எடுத்துக்கொண்டு அடி அடியாக நடந்து பார்ப்போம்.

சர்வரின் கடிகாரம் யுடிசியில் ஓடுகிறது. ஞாயிறு இரவு 11 மணிக்கு ஃபுல். மற்ற நாள்களில் இரவு 11க்கு டிஃபரென்ஷியல். 15 நிமிடத்துக்கு ஒரு லாக். புதன்கிழமை நம் நேரம் பிற்பகல் 2.50க்கு ஃபோன்: "சார், ஆர்டர் டேபிள் காலியா இருக்கு. ரெண்டரைக்குப் பார்த்தப்ப இருந்துச்சு." யாரோ வேர் (WHERE) நிபந்தனை இல்லாமல் டெலீட்டை ஓட்டிவிட்டார்கள்.

அப்ளிகேஷனை அந்த டேபிளில் கைவைக்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். உடனே ஒரு லாக் பேக்கப். பிறகு, லைவ் டேட்டாபேஸின் மேல் ரெஸ்டோர் செய்யவே செய்யாதீர்கள். வேறு பெயரில், மூவ் என்ற சொல்லால் கோப்புகளை வேறு இடத்துக்குத் திருப்பி, பக்கத்தில் ஒரு பிரதியை எழுப்புங்கள். மேலேயே எழுதினால் டெலீட்டுக்குப் பிறகு மற்ற டேபிள்களில் வந்த நல்ல பதிவுகளும் சேர்ந்து போய்விடும். பக்கத்தில் எழுப்பினால் தொலைந்ததை மட்டும் எடுத்து வந்து உரிய இடத்தில் சேர்க்கலாம். கொஞ்சம் டிஸ்க் இடம் செலவாகும், அவ்வளவுதான்.

ஞாயிறு ஃபுல்லை ஏற்றியாயிற்று, நோரெகவரியோடு. அடுத்து திங்கள் டிஃபரென்ஷியலா? வேண்டாம். டிஃபரென்ஷியல் ஒவ்வொன்றும் ஃபுல்லுக்குப் பிறகு மாறிய எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும். செவ்வாய் இரவுடையது ஒன்று போதும். அதன் பிறகு செவ்வாய் 23.15 லாக் முதல் புதன் 9.00 லாக் வரை, சர்வர் நேரப்படி, 40 கோப்புகள். 41ஆவதாக 9.15 கோப்பு. பெரும்பாலும் அதற்குள்தான் அந்த டெலீட் ஒளிந்திருக்கும்.

எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? ஃபோனில் சொன்ன நேரம் இந்திய நேரம். யுடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. இரண்டரை என்று அவர் சொன்னது சர்வருக்கு 9.00. எந்த நேரத்தோடு நிறுத்த வேண்டும் என்று ஸ்டாப்அட் என்ற சொல்லில் நீங்கள் கொடுக்கும் நேரத்தை சர்வர் தன் கடிகாரப்படியே படிக்கும். சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்துகொண்டு கடல் கடந்த சர்வர்களைக் காக்கும் நம் பிள்ளைகள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான். ஸ்டாப்அட்டில் 14.35 என்று எழுதினால், சர்வரைப் பொறுத்தவரை அந்த நேரம் இன்னும் வரவேயில்லை. டெலீட்டையும் சேர்த்து அழகாக ஏற்றிவிட்டு, "நீங்கள் கேட்ட நேரம் இந்தக் கோப்பில் இல்லை" என்று காத்து நிற்கும். பிரிட்ஜில் நேரத்தைச் சொல்லும்போதும், கட்டளையில் எழுதும்போதும், டிக்கெட்டில் குறிக்கும்போதும் எந்த நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரியான நொடி தெரியாதே? அதற்கு ஸ்டாண்ட்பை இருக்கிறது. நோரெகவரிக்குப் பதில் ஸ்டாண்ட்பை கொடுத்தால் அன்டூ நடந்த சங்கதிகளைத் தனிக் கோப்பில் பத்திரப்படுத்திவிட்டு, டேட்டாபேஸைப் படிக்க மட்டும் திறந்துவிடும். 9.05 வரை ஏற்றுங்கள். உள்ளே எட்டிப் பாருங்கள். ஆர்டர்கள் இருக்கின்றனவா? இருக்கின்றன. அதே லாக் கோப்பையே மறுபடி கொடுத்து 9.06 என்று நகருங்கள். இருக்கின்றன. 9.07. இருக்கின்றன. 9.08. காலி! பிடித்துவிட்டீர்கள். ஆனால் ஒரு முறை தாண்டிவிட்டால் பின்னால் வர முடியாது. பிரதியை மறுபடி எழுப்பி 9.07இல் நிறுத்த வேண்டும். அதனால் அவசரப்படாமல், ஒவ்வோர் அடிக்கும் தேவையான பதிவுகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டே நகருங்கள். 9.07இல் எடுத்து வைத்தது கையில் இருந்தால் மறுபடி எழுப்பும் வேலையே இல்லை. இதைச் செய்து முடிக்கும் ஒரு பெண்ணோ பையனோ அன்று மாலை வீட்டுக்குப் போகும் நடை வேறு மாதிரி இருக்கும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்த 41 கோப்புகளும் ஒரு சங்கிலி. ஒவ்வொரு லாக் கோப்புக்கும் தொடக்க எல்எஸ்என் (லாக் வரிசை எண்) ஒன்று, முடிவு எல்எஸ்என் ஒன்று. முந்தையது முடியும் எண்ணில்தான் அடுத்தது தொடங்கும். நடுவில் ஒன்று காணாமல் போனால் அதற்குப் பிறகு உள்ளவை அனைத்தும் இருந்தும் இல்லாதவை. எஸ்கியூஎல் சர்வர் எடுத்த பேக்கப் ஒவ்வொன்றின் எண்ணும் இடமும் எம்எஸ்டிபி டேட்டாபேஸில் பதிவாகியிருக்கின்றன. பேக்கப்செட் டேபிளை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் யார் யார் பேக்கப் எடுத்திருக்கிறார்கள் என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

ஏனென்றால் எடுத்திருப்பார்கள். டெவலப்பர் ஒருவர் சோதனைக்காக லாக் பேக்கப் ஒன்றைத் தன் லேப்டாப்பில் எடுத்து, வேலை முடிந்ததும் அழித்திருப்பார். அங்கே சங்கிலியில் ஓட்டை. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று யாரோ ரெகவரி மாடலை சிம்பிளுக்கு மாற்றி லாகைச் சுருக்கிவிட்டு, மறுபடி ஃபுல்லுக்கு மாற்றியிருப்பார். அங்கே சங்கிலியே அறுந்தது. உடனே ஒரு ஃபுல்லோ டிஃபரென்ஷியலோ எடுத்தால்தான் புதிய சங்கிலி தொடங்கும். இன்னொருவர் காப்பி ஒன்லி போடாமல் ஃபுல் பேக்கப் எடுத்துக்கொண்டு போயிருப்பார். விர்ச்சுவல் மெஷினை ஸ்னாப்ஷாட் எடுக்கும் மென்பொருளும் சத்தமில்லாமல் இதைச் செய்வதுண்டு. அதற்குப் பிறகு வரும் டிஃபரென்ஷியல்கள் எல்லாம் அந்தக் காணாமல் போன ஃபுல்லின் மேல் நிற்பவை. இங்கே மட்டும் ஒரு நல்ல செய்தி: கூடுதலாக எடுத்த ஃபுல் பேக்கப் லாக் சங்கிலியை அறுக்காது. பழைய ஃபுல்லிலிருந்து லாக்குகளாகவே ஏற்றிக்கொண்டு வந்து சேரலாம். நேரம் அதிகம் ஆகும், டேட்டா பிழைக்கும். இது தெரியாமல் "எல்லாம் போச்சு" என்று கைவிட்டவர்கள் உண்டு. தெரிந்துகொண்டவர் கைவிட மாட்டார்.

பிழை எண்களைக் கண்டு மிரளாதீர்கள். 4305 வந்தால், "இதற்கு முந்தைய லாக் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அதைக் கொண்டு வா" என்று பொருள். 4326 வந்தால், "இது பழையது, தேவையில்லை, அடுத்ததற்குப் போ". 3117 வந்தால், யாரோ நடுவில் ரெகவரி கொடுத்துவிட்டார்கள். மூன்றும் வழிகாட்டிப் பலகைகள். படித்தவருக்கு வழி கிடைக்கும்.

உலகமே பார்க்க ஒரு நிறுவனம் இந்தப் பாடத்தைப் படித்தது. 2017 ஜனவரி 31. கிட்லேப். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இரண்டாம் சர்வர் பின்தங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய இரவு நேரத்தில் போராடிக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், இரண்டாம் சர்வரின் டேட்டா ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து முதல் சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்குமே? இருக்க வேண்டியதுதான். தினமும் ஓடிய பேக்கப் மென்பொருள் 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6 பதிப்பு. ஒத்துவராமல் ஒவ்வொரு நாளும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதாக அனுப்பிய மெயில்களை, அனுப்பியவர் அடையாளம் சரியில்லை என்று மெயில் சர்வரே நிராகரித்திருக்கிறது. பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. டிஸ்க் ஸ்னாப்ஷாட், டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவேயில்லை. காப்பாற்றியது ஒன்றுதான். விபத்துக்குச் சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அதை மெதுவான டிஸ்க்கிலிருந்து நகலெடுக்கவே சுமார் 18 மணி நேரம் பிடித்தது. ஏறக்குறைய 5,000 புராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் திரும்பி வரவில்லை.

இந்தக் கதையை பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த நிறுவனம் அன்று செய்ததைப் பாருங்கள். மீட்புப் பணியை மறைக்கவில்லை. குறிப்பேட்டைப் பொதுவில் திறந்து வைத்தார்கள், யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். பிறகு வெளியிட்ட அறிக்கையில் ஒரு மனிதரின் தலையில் பழியைக் கட்டாமல், எந்த எந்த நடைமுறை எங்கே தோற்றது என்று வரிசையாக எழுதினார்கள். தவறு நடந்த இடத்தில் தலைநிமிர்ந்து நிற்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? உங்கள் கையால் தவறு நடந்தால், முதல் நிமிடத்திலேயே பிரிட்ஜில் சொல்லுங்கள். மறைத்துக்கொண்டு தனியாகச் சரிசெய்யப் போகும் அரை மணி நேரத்தில்தான் டெயில் போகிறது, சங்கிலி போகிறது, மீட்க முடிந்தது மீட்க முடியாததாகிறது.

அங்கே தோற்ற ஒவ்வொன்றும், ஒரே ஒரு முறை ரெஸ்டோர் செய்து பார்த்திருந்தால் முந்தைய வாரமே தெரிந்திருக்கும். வெரிஃபை ஒன்லி ஓட்டினேன், பச்சை வந்தது என்று திருப்திப்படாதீர்கள். கோப்பு முழுசாக இருக்கிறது, படிக்க முடிகிறது என்பதற்கு மேல் அது அதிகம் சொல்லாது. உள்ளே இருக்கும் பக்கங்களின் கட்டமைப்பு சரியா என்று அது பார்ப்பதில்லை. பேக்கப் எடுக்கும்போது செக்சம் போடுங்கள். ரெஸ்டோர் செய்த பிரதியில் டிபிசிசி செக்டிபி ஓட்டுங்கள். டேட்டாபேஸ் குறியாக்கம் செய்யப்பட்டதென்றால் அதன் சர்ட்டிஃபிகேட்டும் சாவியும் சர்வருக்கு வெளியே எங்கே இருக்கின்றன என்று இன்றே தேடுங்கள். அவை இல்லாமல் பேக்கப் வெறும் குப்பை. புதிய பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது. வேறு சர்வரில் ஏற்றினால் யூசர்கள் இருப்பார்கள், அவர்களுக்குரிய லாகின் பொருந்தாது. அதைச் சேர்க்கும் ஸ்கிரிப்ட் கையில் இருக்க வேண்டும். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்ற கேள்விக்கு, "போன மாதம் 1 மணி 50 நிமிடம் ஆச்சு" என்று பதில் சொல்பவரிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

ஆரக்கிளில் இருப்பவர்களுக்கு ஆர்க்கைவ் லாக், போஸ்ட்கிரெஸ்ஸில் இருப்பவர்களுக்கு வால் (WAL) கோப்புகள். பெயர் மாறும், கட்டளை மாறும். லாக் முதலில், சங்கிலி அறுபடக் கூடாது, திறந்த பிறகு பழைய லாகைச் சேர்க்க முடியாது என்ற சட்டம் மாறாது.

"சோதனைக்கு சர்வர் இல்லை, இடம் இல்லை" என்பார் மேலாளர். அவரிடம் கெஞ்சாதீர்கள், கணக்கோடு போங்கள். இருக்கும் டேட்டாபேஸ்களில் பெரியது எதுவோ அதற்கு மட்டும் இடம் போதும். ஒன்றை ஏற்றிப் பார்த்துவிட்டு அழித்து, அடுத்ததை ஏற்றலாம். "சார், இந்த டேட்டாபேஸ் பேக்கப் திரும்ப எழும்னு இன்னைக்கு நம்மகிட்ட ஆதாரம் இல்லை. எனக்கு வாரம் ரெண்டு மணி நேரமும் ஒரு டிஸ்க்கும் கொடுங்க, மாசக் கடைசியில ஆதாரத்தை மேசையில வைக்கிறேன்." இதை எழுத்தில் அனுப்புங்கள். எந்த மேலாளராலும் இதற்கு இல்லை என்று எழுத்தில் பதில் போட முடியாது.

இடம் கிடைத்ததும் வெற்றியைப் பயிற்சி செய்வதோடு நிற்காதீர்கள். தோல்விகளைத் தேடிப் பயிற்சி செய்யுங்கள். சோதனை சர்வரில் வேண்டுமென்றே ஒரு லாக் கோப்பை ஒளித்துவிட்டு 4305ஐ வரவழையுங்கள். நடுவில் ரெகவரி கொடுத்து 3117ஐ முகத்துக்கு முகம் பாருங்கள். ஸ்டாப்அட்டில் தப்பான நேரம் கொடுத்து என்ன ஆகிறது என்று கவனியுங்கள். பிறகு ஒரு டேபிளில் ஒரே ஒரு பதிவைச் சேருங்கள், லாக் பேக்கப் எடுக்காமல் சர்வீஸை நிறுத்துங்கள், டேட்டா கோப்பை அழியுங்கள், சர்வீஸை மறுபடி எழுப்புங்கள். டேட்டாபேஸ் திறக்காது. நோ ட்ரங்கேட்டோடு டெயிலை எடுங்கள், ஃபுல்லிலிருந்து தொடங்குங்கள், ஒவ்வொரு கோப்பாக ஏற்றுங்கள், கடைசியில் டெயில், அதன் பிறகு தனியாக ரெகவரி. செலக்ட் போட்டுப் பாருங்கள், நீங்கள் கடைசியாகச் சேர்த்த அந்தப் பதிவு அங்கே இருக்கும். அடுத்த வாரம் அதே பயிற்சிக்கு, போன மாதம் சேர்ந்த ஜூனியரைக் கீபோர்டில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் பக்கத்து நாற்காலிக்கு நகருங்கள்.